இரண்டு விரல் மண்டி

இரண்டு விரல். குழாயின் வாய்க்கும் மண்டிக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி. என் விரலால் அளந்தால் இரண்டு, அங்கிள் விரலால் அளந்தால் ஒன்றரை, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள், விரல் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேனர். கண்ணாடிக் குடுவை ஸ்டூல் மேல், வெள்ளை வாளி தரையில், குடுவைக்குள் இறங்கி வாளிக்குள் வழிகிற குழாய், அதன் கழுத்து என் கையில். மேலே பீர், தெளிவாக, எரிச்சல் வரும் அளவுக்குத் தெளிவாக. கீழே ஈஸ்ட் வேலை முடிந்து படிந்த மண்டி, பஜ்ஜிக்குக் கரைத்து மறந்துபோன மாவு மாதிரி பழுப்பாகப் படுத்திருக்கிறது. மணிக்கட்டை ஒரு சொடுக்கு கீழே இறக்கினால் போதும், அவ்வளவு மாவும் குழாயில் ஏறி வாளிக்குள் புகை மாதிரி பரவிவிடும். "குழாய கீழ இறக்கிடாத செழியா, ம-ம-மண்டிய உறிஞ்சிடும், இ-இருபது நிமிஷம் ஆடாம நில்லு," என்று சொல்லிவிட்டு அங்கிள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேசிப் பழகுகிறார். நாலு மணிக்கு ஐந்து பேர் வருகிறார்கள், எல்லாரும் தமிழ் ஆட்கள், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற கோஷ்டி, மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோஷ்டியில் இருந்தும் அங்கிள் ஒரு தடவைகூட யாரையும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் எழுந்து நின்று மூன்று நிமிஷம் பேசவேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இன்றைக்குப் பேசப் போகிறார். என் கையில் இரண்டு விரல்.

நான் நிற்கிற இடம் எங்கள் ஃபிளாட்டுக்குள் இருக்கிற பாம் ஷெல்டர். இந்த ஊரில் புது வீடு கட்டினால் குண்டு விழும்போது ஒளிந்துகொள்ள இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். குண்டு வராதவரை அதில் அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், எங்கள் வீட்டில் பீர். ஜன்னல் இல்லை, வெயில் இல்லை, ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லை என்று அங்கிள் நினைத்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் கடைசியாக இரண்டு தடவை காய்ச்சினார், இரண்டு தடவையும் தினம் காலையில் ஸ்கூலுக்குப் போகுமுன் நான் உள்ளே வந்து குடுவையின் கழுத்தைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கினேன், கிரிக்கெட் வர்ணனை ஓடும் மனசுக்குள், இதோ செழியன் வருகிறார், அரங்கமே எழுந்து நிற்கிறது, ஒன்று, இரண்டு, மண்டி எழும்புகிறது, மேகம், புயல், ஆஹா என்ன ஒரு காட்சி நேயர்களே! சாயங்காலம் அங்கிள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவார், ஒன்பதாம் நாள், இன்னும் தெளியவில்லை. பத்தாம் நாள், இன்னும் தெளியவில்லை. வெப்பம் காரணமா? ஈஸ்ட் காரணமா? நான் காரணம் ஐயா, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி தின்கிறேன். அப்புறம் ஐஸ் பாட்டில்களைக் குடுவையைச் சுற்றி அடுக்கினார், ஈரத் துண்டு போர்த்தினார், காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொள்வது மாதிரி ராத்திரி எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். இரண்டையும் கடைசியில் குழம்பு நிறத்திலேயே புட்டியில் அடைத்துக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். ரெங்கராஜு என்கிற மூத்தவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யோவ் சந்தனம், இது பீரா, சாம்பாரா? கரண்டி குடுய்யா," என்றாராம். அன்றிலிருந்து அவருக்குக் கலங்கல் சந்தனம் என்று பெயர். சந்தனசாமி என்ற முழுப் பெயரையே அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது, இதில் பட்டப் பெயர் வேறு.

தெளிய வைக்க ஜெலட்டின் போடுவார்கள் எல்லாரும். அம்மா விடவில்லை. "மாட்டு எலும்புல செஞ்சத எல்லாம் என் ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, பீர் வைக்கிறீங்க, அத சகிச்சுக்கிறேன், அதோட நிறுத்திக்குங்க." அம்மா குரல் சுலபம், மூக்கில் கொஞ்சம், முடிவில் ஒரு தட்டு. அப்புறம் அவளே ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "கலங்கின தண்ணிக்குத் தேத்தாங்கொட்டை இழைச்சு விடுவாங்களே, அது இதுக்கு ஆகாதா?" அங்கிள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். லிஃப்ட் பழுதில் மாட்டிக்கொண்டவனுக்கு வெளியிலிருந்து குரல் கேட்ட மாதிரி. மறுநாளே நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சந்தனக்கல்லில் அந்தக் கொட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்தார்கள். அம்மா இழைக்க, அவர் விழுதை வழித்துக் கிண்ணத்தில் சேர்க்க, அவள் என்னமோ சொல்ல, அவர் சிரித்தார். சிரிக்கும்போது திக்கல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எனக்கு ஏனோ அந்தக் கல்லை எடுத்துப் பதிமூன்றாம் மாடியிலிருந்து கீழே போடவேண்டும் போல இருந்தது. போடவில்லை, குடுவையை உலுக்குவதே போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்தத் தடவை பாருங்கள், கொட்டை விழுது போட்ட மறுநாள் என்னை ஸ்கூல் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், புலாவ் உபின் தீவில் ஐந்து நாள், கூடாரம், கொசு, கயிறு ஏறுதல், "டீம் ஒர்க் பாய்ஸ், டீம் ஒர்க்!" என்று கத்துகிற மிஸ்டர் டோ. ஐந்து நாள் குடுவையைத் தொட ஆளில்லை. திரும்பி வந்தால் அங்கிள் வாசலிலேயே நிற்கிறார், என் பையைக்கூட வாங்காமல் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறார். தெளிந்திருந்தது. குடுவைக்குப் பின்னால் அவர் விரலை ஆட்டினார், விரல் ரேகை தெரிந்தது. "தே-தே-தே-" என்றார். நான் காத்திருந்தேன், ரொம்பப் பணிவாக. "தே-தே-" அவர் கொட்டையைச் சொல்லி முடிப்பதற்குள் நான் குளித்துவிட்டு வந்திருக்கலாம்.

அந்த ஒரு எழுத்துதான் அவருக்குச் சுவர். மற்றதெல்லாம் இடறும், எழுந்துகொள்ளும். தே வந்தால் லிஃப்ட் நின்றுவிடும், கதவும் திறக்காது. அதனால் இந்த ஊரில் தமிழன் ஒவ்வொருவனும் தேக்கா என்று சொல்கிற இடத்தை அவர் லிட்டில் இந்தியா என்பார், டூரிஸ்ட் மாதிரி. காப்பிக் கடையில் டீயைத் தே என்றுதான் கேட்கவேண்டும், அதனால் நாற்பத்தாறு வயது வரைக்கும் காப்பியே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, பேசலாம் என்று முடிவெடுத்து, பேச்சுக்குப் பிடித்த பொருளைப் பாருங்கள், தேத்தாங்கொட்டை! அதற்கு வேறு பெயரும் சொல்லி ஒளிந்துகொள்ள மாட்டாராம், அம்மா சொன்ன பெயராம். இப்போது கதவுக்குப் பின்னால் கேட்கிறது. "வணக்கம். தே-தே-" நிறுத்தம். இருமல். "வணக்கம். தே-" நிறுத்தம். நான் உதட்டைக் குவித்துக்கொண்டு கூடவே செய்கிறேன், சத்தமில்லாமல், கண் இமை துடிப்பு, தாடை ஒரு பக்கம் இழுப்பது, இடது கால் கட்டைவிரல் தரையைக் குத்துவது, எல்லாம் எனக்குப் பாடம். ஸ்கூலில் என்னிடம் அதைத்தான் கேட்பார்கள். மிஸ்டர் டோவை ஒரு தடவை கேட்பார்கள், லிஃப்ட் குரல் "டோர்ஸ் குளோசிங்" ஒரு தடவை, எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் தன் பூனையைத் திட்டுவது ஒரு தடவை, அங்கிளை நாலு தடவை. போன மாதம் ஒரு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி வகுப்புக் குழுவில் போட்டேன், அங்கிள் அவசர உதவிக்குப் போன் பண்ணுகிறார், வீடு எரிகிறது, தீ என்று சொல்ல வரவில்லை, அம்மாவும் எரிந்துபோகிறாள், அவர் இன்னும் தீ-தீ-. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எப்படியோ அம்மா போனுக்கும் வந்து சேர்ந்தது. அவள் அடிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, "அப்படிப் பேசிப் பேசி ஒரு நாள் உனக்கே ஒட்டிக்கும் பாரு," என்றாள். மூடநம்பிக்கை. மூடநம்பிக்கை என்று சொல்லிப் பார்த்தேன், மூ-வில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. மறுபடி சொன்னேன். மூடநம்பிக்கை, மூடநம்பிக்கை, மூடநம்பிக்கை. ஒன்றுமில்லை. அன்றிலிருந்து தினம் பல் தேய்க்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சும்மா.

பீர் பாதிக்கு வந்துவிட்டது. குழாய் வழியாக ஓடுவது கையில் தெரிகிறது, ஜில்லென்று ஒரு நாடித்துடிப்பு. ரொட்டிக் கடை வாசனை, கொஞ்சம் புளிப்பு. கை வலிக்கிறது. கை தானாக இறங்கினால் அது என் தப்பா? வலிச்சுச்சு அங்கிள், முகாம்ல கயிறு ஏறி தசை பிடிச்சிக்கிச்சு அங்கிள். அழுகிற மாதிரி செய்தால் அவரே தேற்றுவார். இறக்கலாமா? இப்போது வேண்டாம், பாதியில் செய்தால் எடுத்துத் திருப்பி வைத்து இன்னும் ஒரு வாரம் என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் செய்யவேண்டும், அழைப்பு மணி அடிக்கும்போது. நினைத்தாலே தொப்புளுக்குக் கீழே கூசுகிறது, நல்ல கூச்சம், அன்றைக்கு அந்தப் போன் பண்ணினபோது இருந்த மாதிரி. அதை நினைக்கவேண்டாம். மண்டியைப் பார், மண்டி நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கிறது. அந்தப் போன். கூடப் படிக்கிற ஹரீஷோட போனிலிருந்து பண்ணினேன், அம்மாவுக்குத் தெரியாத எண். திருச்சியில் ஜவுளிக் கடை வாசலில் மைக் பிடித்து "வாங்கக்கா வாங்க, உள்ள வாங்க, பாத்துட்டுப் போங்க" என்று நாளெல்லாம் கூப்பிடுகிற வேலை எங்கள் அப்பாவுக்கு. வேண்டாம் என்று நடந்து போகிறவளும் திரும்புவாள் அந்தக் குரலுக்கு, ஒரு இடறல் இருக்காது, எண்ணெய் ஊற்றின மாதிரி. அப்படித் திரும்பினவளில் ஒருத்தியோடு அவர் போனார், எனக்குப் பத்து வயதில். குரலை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மூன்று வருஷம் கழித்து அம்மா இந்த அங்கிளைக் கட்டிக்கொண்டு என்னையும் விமானம் ஏற்றினாள். ஹரீஷிடம் சொன்னேன், பாரு இப்ப பாரு, எங்கம்மா எப்படிக் கத்தப் போறான்னு பாரு. அப்பா குரலில், "கோமு, நாந்தான்," என்றேன். அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அப்புறம் அம்மா கத்தவில்லை. அம்மா, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டீங்களா. நான் போனை வைத்துவிட்டேன். ஹரீஷ் "என்னடா ஆச்சு, திட்டினாங்களா?" என்றான், நான் "செம்ம திட்டு" என்று சொல்லி அம்மா திட்டுவதை இட்டுக்கட்டிப் பேசிக் காட்டினேன், சிரித்தான். எனக்கு வராத குரல் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அம்மாவின் திட்டு வரும், அம்மாவின் கொட்டாவி வரும், தூக்கத்தில் புலம்புவது வரும். அந்தச் சாப்பிட்டீங்களா வரவில்லை. கண்ணாடி முன்னால் எத்தனை நாள் சொல்லிப் பார்த்தேன். எழுத்து வருகிறது, குரல் வரவில்லை. அது எங்கேயோ அடியிலிருந்து வந்தது, ஒரே ஒரு உலுக்கில். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் சாதாரணமாகத் தோசை வார்க்கிறாள், அங்கிளுக்கு முறுகலாக இரண்டு, எனக்கு நெய் ஊற்றி மூன்று, யார் போன் பண்ணினார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ஆனால் ஒரு வாரம் போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போனாள்.

வாளி நிறைகிறது. குடுவையில் நாலு விரல், மூன்று விரல். கதவுக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. மணி நாலாகப் பத்து நிமிஷம், அழைப்பு மணி வரைக்கும் பீர் தாங்காது. கை தயார். கலங்கல் சந்தனம், கலங்கல் சந்தனம், மூன்றாம் முறையாகப் பட்டம் வெல்கிறார் நேயர்களே. இறக்கப் போகிறேன், இதோ, மணிக்கட்டு சாய்கிறது, குழாயின் வாய்க்குக் கீழே மண்டியில் ஒரு சின்னக் குழி விழுகிறது, ஒரு நூல் பழுப்பு எழும்புகிறது. என் கை மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. ஸ்பேனர் விரல்கள், வேர்த்திருந்தன. அங்கிள் என் கையோடு குழாயைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார், நூல் தானே அடங்கிக் கீழே போனது. "கை வ-வலிக்குதா? நல்லா பி-பிடிச்சிருந்த." திட்டுவார் என்று பார்த்தேன். அவருக்குத் தெரியவே இல்லை. கடைசிச் சொட்டு வாளியில் விழுந்தது, மண்டி அப்படியே குடுவையில் தங்கியது. அவர் என் கையை விடவில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தார், மூன்று அட்டை, குண்டு குண்டான எழுத்து. "செ-செழியா. அந்த ரெ-ரெக்கார்டு கேட்டேன்." நான் வாளியைப் பார்த்தேன். "எங்க அக்கா அனுப்புச்சு. நா-நான்னே நெனச்சிடுச்சு. நல்லா ப-பண்ற நீ." கிண்டல் இல்லை, கோபம் இல்லை, லிஃப்ட் மோட்டாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்கிறார். "எனக்கு வரல. கா-காலையிலேருந்து பாக்குறேன், முதல் வா-வார்த்தையே வரல. நீ பேசு. எ-என் குரல்ல. ஆனா," தொண்டையில் விரலை வைத்தார், "இ-இது இல்லாம. நான் ஒழுங்காப் பேசுனா எ-எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவ கே-கேக்கணும்."

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். மணி அடித்தது. ரெங்கராஜு குரல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது, "என்னய்யா கலங்கல், கரண்டி எடுத்து வந்திருக்கேன், தட்டு மட்டும் குடு," நிஜமாகவே சட்டைப் பையில் ஒரு கரண்டி. பின்னால் நாலு பேர், சிரிப்பு, செருப்பு கழற்றுகிற சத்தம். வாளியிலிருந்து ஒரு கிளாஸ் மொண்டு மேஜையில் வைத்தார் அங்கிள். இன்னும் நுரை வராத பீர்தான், குடிப்பதற்கில்லை, தெளிவு பார்ப்பதற்கு. அவர்கள் சோதனை எனக்குத் தெரியும், கிளாஸுக்குப் பின்னால் தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடித்துப் படிக்கவேண்டும். ரெங்கராஜு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இரங்கல் விளம்பரத்தின் பொடி எழுத்து. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டார். கரண்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "யோவ் சந்தனம். என்னய்யா பண்ண?" எல்லாரும் அங்கிளைப் பார்த்தார்கள். அங்கிள் என்னைப் பார்த்தார். "என் ம-மகன் சொல்லுவான், எ-என் குரல்ல." மகன் என்று இதுவரை சொன்னதில்லை. அட்டை என் கையில். என்ன குரல்? தேடுகிறேன். திக்கல் இருக்கிறது, தாடை இழுப்பு இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது, அதையெல்லாம் எடுத்துவிட்டுக் கீழே பார்க்கிறேன், ஒன்றுமில்லை, மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றும் இந்த ஆளின் குரலை நான் கேட்டதே இல்லை, இடறலை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டதோ, இதோ இப்போது தே-யில் நிற்கப் போகிறேனோ, மூடநம்பிக்கை மூடநம்பிக்கை, வாயைத் திறந்துவிட்டேன்.

"வாங்கண்ணே, வாங்க, எல்லாரும் வாங்க. தேத்தாங்கொட்டைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க." வந்துவிட்டது. கனமாக, எண்ணெய் ஊற்றின மாதிரி, பெரிய ஆம்பளையின் குரல், ஒரு தடங்கலும் இல்லை. ரெங்கராஜு வாயைப் பிளந்தார். இரண்டாவது வாக்கியத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது அது யாரென்று. நிறுத்தவேண்டும், இருமவேண்டும், அட்டையைக் கீழே போடவேண்டும். குரல் நிற்கவில்லை, அது நிற்காத குரல், நாளெல்லாம் மைக் பிடித்த குரல், "கல்லுல வச்சு இழைக்கணும், அவசரம் கூடாது, கலங்கினது தானா அடங்கும், அடங்குற வரைக்கும் கை வைக்காம இருக்கணும், அவ்வளவுதான் ரகசியம்." அங்கிள் எழுதினது, ஒவ்வொரு எழுத்தும் அவர் எழுதினது. சமையலறை வாசலில் அம்மா பக்கோடாத் தட்டோடு நின்றாள். வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். தட்டு சாய்ந்து ஒரு பக்கோடா உருண்டு தரையில் விழுந்தது, அவள் குனியவில்லை. மூன்றாவது அட்டை. "இத எனக்குச் சொல்லிக் குடுத்தது என் சம்சாரம் கோமதி." கோமதி என்று எழுதியிருந்தது, வாய் கோமு என்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கை தட்டினார்கள். ரெங்கராஜு எழுந்து வந்து அங்கிளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், "கலங்கல்னு சொன்ன என் வாயக் கழுவணும். யோவ், இப்படி ஒரு குரல வச்சுக்கிட்டா பன்னெண்டு வருஷம் மூலையில உக்காந்திருந்த?" அங்கிள் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனார், எல்லாருக்கும் முன்னால் அவள் தோளைத் தொட்டார். "கே-கேட்டியா கோமதி? அ-அப்படியே நான்தானே? அ-அது மட்டும் இல்லன்னா, நா-நான் அப்படித்தானே?" அம்மா அவரைப் பார்க்கவில்லை, கிளாஸைப் பார்த்தாள், கிளாஸ் வழியாக என்னைப் பார்த்தாள். அவ்வளவு தெளிவு, அவள் கண் இமையில் ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெரிந்தது. "ஆமாங்க," என்றாள். "அப்படியே நீங்கதான்." அந்தக் குரல். குக்கர் விசிலுக்கு அப்புறம் வந்த அதே குரல். நான் உதட்டை அசைத்துப் பார்த்தேன். இந்தத் தடவையும் வரவில்லை.